தராசில் ஏறும் வரலாறு: வன்னித் தாய்மாரும் உடல் நிறையும்

ஒரு பெண் பிள்ளைத்தாச்சியாகி முதல்முதலாகக் கிளினிக்குக்குப் போனால் உயரம் அளப்பார்கள், நிறை பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். கிலோகிராமில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் ஒரு எண் வரும். அதற்குப் பெயர் உடற்திணிவுச் சுட்டி. 18.5க்குக் கீழே வந்தால் "நிறை காணாது", 25க்கு மேலே வந்தால் "நிறை கூட" என்று அட்டையில் குறிப்பார்கள். வீட்டுக்கு வந்தவுடன் அடுத்த கேள்வி தொடங்கும். "என்ன பிள்ளை, வடிவாச் சாப்பிடுறேல்லையோ?" அல்லது "வாயைக் கொஞ்சம் கட்டியிருக்கலாமே?" இரண்டில் எது வந்தாலும் பிழை அந்தப் பெண்ணில்தான்.

வரலாறு எண்டால் அரசர், போர், ஒப்பந்தம், ஆண்டு எண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்சு வந்தனாங்கள். ஆனால் ஒரு இடத்தின் காய்ச்சல், பங்கீட்டு அரிசி, மூடின வீதி, நிவாரண மூட்டை எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்று உண்டு. அது அந்த இடத்துப் பெண்களின் உடம்பு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு தாயின் அட்டையில் எழுதப்படுகிற கிலோக்களுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கிறது. அதைத்தான் இதில் கொஞ்சம் கதைப்பம்.

உடம்பு வைக்கிற கணக்கு

முதலில் உயிரியல். ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் தாயின் உடம்புக்கு மேலதிகமாக ஏறத்தாழ 77,000 கலோரி தேவை. பிறகு பாலூட்டுவதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாக வேண்டும். இவ்வளவு பெரிய செலவைத் தொடங்க முதல், கையிருப்பு இருக்கிறதோ என்று உடம்பு பார்க்கும். அந்தக் கையிருப்புத்தான் கொழுப்பு.

கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. இதை 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. உடம்பில் கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறையும். மூளையில் உள்ள ஐப்போதலமசு அதை "கையிருப்பு இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். சூலகத்துக்குப் போகவேண்டிய கட்டளை மெலிந்துபோகும். முட்டை வெளிவராது, மாதவிடாய் பிந்தும், சிலவேளை முழுவதும் நின்றுபோகும். பசிக்காலத்தில் உடம்பு தன்னைக் காப்பாற்றுகிற வழி இது.

லெப்டின் தெரிய வருவதற்கு இருபது வருஷத்துக்கு முதலே, 1974இல், ரோஸ் ஃப்ரிஷ் என்ற ஆய்வாளர் கொழுப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் மாதவிடாய் நிற்கும் என்று எழுதினார். அவர் சொன்ன சதவீதங்களைப் பிறகு பலர் மறுத்தார்கள். ஆனால் அடிப்படைக் கருத்து நிலைத்தது.

நிறை கூடினாலும் கருத்தரிப்புத் தடைப்படும், வழி மட்டும் வேறு. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோன்களைக் கூட்டும். முட்டைகள் முதிராமல் நின்றுவிடும். பிசிஓஎஸ் என்று இப்ப எல்லாரும் சொல்லுகிற நிலை இதோடு தொடர்புடையது. சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு டொக்டர்மார் அதை 1935இலேயே விவரித்தார்கள். நிறை கூடின பெண்களில் பலருக்கு உடல் நிறையின் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஆண்களை விட்டுவிட்டுக் கதைக்க ஏலாது. உடற்பருமன் ஆண்களின் ரெஸ்ரொஸ்ரரோனையும் விந்தணுவின் தரத்தையும் குறைக்கும். பட்டினியும் சும்மா விடாது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்சல் கீஸ் என்பவர் 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டு ஆய்வு செய்தார். ஆறு மாதத்தில் அவர்கள் தங்கள் நிறையில் கால்வாசியளவு இழந்தார்கள். பாலுணர்வே அற்றுப்போய், நாள் முழுக்க உணவைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்தார்கள்.

இதே கீஸ்தான் 1972இல் உடற்திணிவுச் சுட்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர். சூத்திரம் அதைவிடப் பழையது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்தலே என்ற கணிதவியலாளர் 1830களில் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடும்போது உருவாக்கியது. ஒரு தனி ஆளின் சுகத்தைத் தீர்மானிக்க அவர் அதைச் செய்யவில்லை. தெற்காசியர் போன்றவர்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தம் வருகிறது என்பதால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகளையும் முன்வைத்தது. ஆகவே அந்த எண் கடவுள் வாக்கு இல்லை, ஒரு கைகாட்டி மட்டுமே.

காய்ச்சல் காடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வன்னியைப் பற்றி எழுதின வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒரு கவலை இருந்தது. குளங்கள் இருக்கு, வயல் இருக்கு, ஆட்கள் இல்லை. வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு இன்றைக்கும் வன்னி வரலாறு படிக்கிறவர்களுக்கு அடிப்படை நூல். அந்தக் காலத்து அரசாங்க எழுத்துகளில் வன்னி என்றால் காய்ச்சலும் பறங்கி வியாதியும்தான்.

பறங்கி என்பது தோலையும் எலும்பையும் தின்னுகிற புண் நோய். 1881இல் டொக்டர் கின்ஸி அதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். கெட்ட தண்ணியும் காணாத சாப்பாடும்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். 1905இல் கொழும்பில் வேலை செய்த கஸ்தெல்லானி என்ற இத்தாலிய டொக்டர் அதற்கு ஒரு கிருமி காரணம் என்று கண்டுபிடித்தார்.

கர்ப்பத்தைப் பொறுத்தவரை பெரிய எதிரி மலேரியாதான். மலேரியாக் கிருமி நச்சுக்கொடியிலேயே தங்கிவிடக்கூடியது. தாய்க்குக் குருதிச்சோகை வரும். பிள்ளைக்குப் போகவேண்டிய உணவும் ஒட்சிசனும் குறையும். கரு கலையலாம், மாதம் காணாமல் பிறக்கலாம், பிறந்தாலும் நிறை குறைவாக இருக்கலாம். குளமும் காடும் சேர்ந்த வன்னியில் இது ஒவ்வொரு மாரியோடும் வந்த கதை. மழை பொய்த்தால் நெல் இல்லை, குரக்கனும் சாமையும் காட்டுக்கிழங்கும்தான். மழை பெய்தால் நுளம்பு.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. பிள்ளை தங்காத ஒரு பெண்ணை ஊர் என்ன சொல்லியிருக்கும்? சாபம், தோஷம், மலடி. நேர்த்திக்கடனும் நூலும் கட்டியிருப்பார்கள். அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருந்தது பல வேளை ஒரு நுளம்பும் வெறும் பானையும்தான்.

இலங்கையில் 1934–35 மலேரியாப் பேரழிவு பல்லாயிரம் உயிர்களை எடுத்தது. 1940களின் நடுப்பகுதியில் டீடீரி தெளிக்கத் தொடங்கினபிறகுதான் நிலைமை மாறியது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வன்னியில் பெரிய குடியேற்றங்கள் விரியக்கூடியதாக இருந்ததற்கு இரணைமடுக் குளத்தின் தண்ணி எவ்வளவு காரணமோ, இதுவும் அவ்வளவு காரணம். நோய் பிறகு திரும்பி வந்து, 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது.

மருத்துவமாது வந்த வழி

1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வருத்தம் வந்தபிறகு ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லாமல், வீட்டுக்கே போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பதுதான் அதன் முறை. பயிற்றப்பட்ட மருத்துவமாது ஒரு குறிப்பிட்ட பகுதிக்குப் பொறுப்பாக இருப்பா. யார் கர்ப்பம், யாருக்கு எத்தனையாவது, யாருக்குக் கால் வீங்கியிருக்கு என்பதெல்லாம் அவவின் கொப்பியில் இருக்கும். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30, 40 என்ற அளவில் இருக்கிறது. மலேரியாக் கட்டுப்பாடு, இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என்று பல காரணம் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போன அந்தப் பெண்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

உணவுப் பக்கமும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் யப்பான் பர்மாவைப் பிடிக்க, 1942இல் அரிசி வரத்து நின்றது, பங்கீடு வந்தது. அந்தக் கூப்பன் அரிசி பல தசாப்தம் ஏழைக் குடும்பங்களைத் தாங்கியது. 1973இல் கெயார் நிறுவனத்தின் உதவியோடு திரிபோஷா வந்தது. சோளம், சோயா, பால்மா கலந்த மா அது. சக்தி, புரதம், நுண்சத்து என்ற மூன்று போஷாக்கையும் தருவது என்பதுதான் பெயரின் பொருள். கிளினிக்கில் அதைத் தாய்க்குத்தான் குடுப்பார்கள். வீட்டில் எல்லாருமாகப் பங்குபோட்டுச் சாப்பிடுவதும் எங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

அதே 1970களில் வன்னியில் ஒரு முரண்பாடு நடந்தது. வெளிநாட்டு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியதால் வடக்கு விவசாயிகளின் கை நிறைந்தது. முத்தையன்கட்டு, விசுவமடுப் பக்கம் படித்த இளைஞர்களுக்கான குடியேற்றத் திட்டங்கள் வந்தன. ஆனால் 1973–75 உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினி கிடந்தார்கள், இறப்பு வீதம் ஏறியது. அந்தப் பசியிலிருந்தும் 1977 இனக்கலவரத்திலிருந்தும் தப்பி வந்த பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கூலிகளாகக் குடியேறின. ஒருவரின் மிளகாய்த் தோட்டத்தில் இன்னொருவர் நாட்கூலி. ஆக, வன்னிப் பெண்களின் நிறை எல்லாக் காலத்திலும் ஒரேமாதிரி இருக்கவில்லை. காணி இருந்த வீட்டுக்கும் காணி இல்லாத வீட்டுக்கும் இடையில் கிலோக்களில் வித்தியாசம் இருந்தது. இந்தப் பிளவைப் பற்றி நாங்கள் குறைவாகத்தான் கதைக்கிறம்.

நிவாரண அரிசி

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கினபிறகு, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி எல்லாம் தடை. மருந்தும் உணவும் அனுமதியோடு, அளவோடு. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்ட சனத்தில் பெரும் பகுதி பிறகு வன்னிக்கு வந்தது. 1996இல் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. மரத்தடி, பள்ளிக்கூடம், தறப்பாள். 2002 யுத்தநிறுத்தத்தோடு ஏ9 திறக்கும்வரை ஒரு தலைமுறைப் பெண்கள் வயதுக்கு வந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்றது இந்த நிலைமைக்குள்தான்.

நிவாரணம் என்றால் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். சங்கக்கடை வரிசையில் நின்று வாங்கினது. வயிறு நிறையும். ஆனால் கர்ப்பிணிக்குத் தேவையான இரும்பும் ஃபோலேட்டும் புரதமும் மீன், முட்டை, கீரை, பாலில்தான் கூட இருக்கு. முருங்கை இலையும் வல்லாரையும் காட்டில் கிடைத்ததும் பலரைக் காப்பாற்றியிருக்கும். எங்கட வழக்கத்தில் வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைச்ச கறியும் குடுக்கிறது சும்மா சடங்கு இல்லை. அந்தப் பருவங்களில் பெண்ணுக்குக் கூடச் சாப்பாடு வேணும் என்பதைச் சமூகம் ஞாபகம் வைத்திருந்த முறை அது. இடப்பெயர்வு அந்த முறையையும் உடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. போரின் கடைசி ஆண்டுகளில், புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து தப்ப வைக்கப் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு இளவயதிலேயே கலியாணம் கட்டிவைத்தார்கள். பதினாறு, பதினேழு வயதில் தாயின் உடம்பே இன்னும் வளருகிறது. அந்த உடம்பும் கருவும் ஒரே சோற்றுக்குப் போட்டி போடும். பட்டினிக் காலத்தில் அது இரட்டை ஆபத்து.

2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வன்னியைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2009 சனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்குப்பிறகு சனம் புதுமாத்தளன், அம்பலவன்பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கிய கரையில். 2011இல் வந்த ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை இரண்டு பக்கத்தையும் பதிவு செய்கிறது. அரசாங்கம் உள்ளே இருந்த சனத்தொகையைக் குறைத்துச் சொன்னதால் உணவு காணாமல் போனது. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் மறித்தார்கள்.

அந்த அறிக்கையில் ஒரு நாள் வருகிறது. 2009 ஏப்ரல் 8. அம்பலவன்பொக்கணையில் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரின் ஏற்பாட்டில் பால்மா குடுத்த வரிசையில் தாய்மாரும் பிள்ளைகளும் நின்றபோது எறிகணை விழுந்தது. இறந்த தாய்மாரில் சிலர் பால்மாவுக்கான அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கிடந்தார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

இந்த வரிக்குமேல் நான் எதையும் சேர்க்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. அரிசியும் தண்ணியும் உப்பும் போட்ட கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிக் குடுத்து நினைவுகூருகிறோம். எங்கட நினைவின் நடுவிலேயே ஒரு பசி இருக்கிறது. அந்தக் கஞ்சியைக் குடித்தவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள்.

எண்ணப்படாத தலைமுறை

இலங்கையில் பெண்களின் நிறை, கர்ப்பம், பிள்ளைப்பேறு பற்றிய பெரிய தரவு, சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வு. அது 1987, 1993, 2000, 2006/07 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. இந்த நான்கிலும் வன்னி இல்லை. 25 மாவட்டங்களையும் சேர்த்து நடந்தது 2016இல்தான். குடிசன மதிப்பீடும் அப்படித்தான். 1981க்குப் பிறகு வடக்கை முழுமையாக எண்ணினது 2012இல். அதாவது, "இலங்கைப் பெண்கள்" என்று பாடப்புத்தகத்திலும் அறிக்கைகளிலும் வந்த சராசரிகளுக்குள் ஒரு தலைமுறை வன்னிப் பெண்கள் இல்லை. தராசில் ஏறினவர்கள்தான். ஆனால் கணக்கில் ஏறவில்லை.

இது ஏன் பெரிய விஷயம்? இதற்கு ஒல்லாந்தைப் பார்க்கவேணும்.

1944 செப்ரெம்பரில் நெதர்லாந்தின் புகையிரத ஊழியர்கள் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜேர்மனியர் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். பிறகு கால்வாய்களும் உறைந்தன. பங்கீடு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போய், சில கிழமைகளில் அதில் பாதியாகவும் குறைந்தது. துலிப் பூவின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வரும்வரை இது நீடித்தது. ஒரு தடை, ஒரு குளிர்காலம்.

பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் சரிந்தன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் பஞ்சத்தில் மாட்டுப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 300 கிராம் அளவு குறைந்து பிறந்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் மட்டும் பஞ்சத்தைக் கண்ட பிள்ளைகள் வழமையான நிறையோடுதான் பிறந்தார்கள். ஆனால் ஐம்பது வயதுக்குக் கிட்ட அவர்களில் இருதய நோயும் உடற்பருமனும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. வெளியில் தெரியாத கடன், ஐம்பது வருஷம் கழித்து வந்து வாசலில் நின்றது.

இது எப்படித் தெரிய வந்தது? அம்ஸ்டர்டாமில் வில்ஹெல்மினா காஸ்ட்ஹவுஸ் என்ற ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடுகள் தப்பியிருந்தன. அதிலிருந்து 2,414 பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆய்வு செய்தார்கள். இங்கிலாந்திலும் இப்படித்தான். ஹேர்ட்ஃபோட்ஷயரில் 1911 முதல் தாதிமார் எழுதிவந்த பிறப்பு நிறைக் கொப்பிகளை வைத்துத்தான் டேவிட் பாக்கர் என்ற டொக்டர், நிறை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் கூடுதலாக வருகிறது என்று 1980களில் காட்டினார். மருத்துவமாதுவின் கொப்பியே வரலாற்று ஆவணம். அது எரிந்துபோனால், பங்கரில் விட்டுவிட்டு ஓடினால், ஒரு சமூகத்தின் சாட்சியம் போய்விடும்.

ஒரே வீட்டில் இரண்டு சுமை

போர் முடிந்தது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களுக்குப் போனது. கடைசி முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறின ஊர்களில் கடைகள் வந்தன, கொத்து வந்தது, சோடா வந்தது, மோட்டார்சைக்கிள் வந்தது. நடையும் சைக்கிளும் குறைந்தன. விடிய வெள்ளன பஸ் பிடித்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ரீயும் பிஸ்கட்டும்.

2016 ஆய்வின்படி நாடு முழுவதிலும் 15–49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் நிறை கூடியவர்கள் அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். 9 சதவீதத்தினர் மெலிந்தவர்கள். பிறக்கிற பிள்ளைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் 2.5 கிலோவுக்குக் குறைவு. முரணாகத் தெரியும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

இந்தியாவில் புனே நகரில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற டொக்டர் கிராமத்துக் குழந்தைகளை அளந்தார். புனேயில் சராசரி பிறப்பு நிறை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் புனேக் குழந்தைகளில் குறைந்திருந்தது தசைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. பசிக்குப் பழகி வளர்ந்த உடம்புக்குத் திடீரென்று வெள்ளை மாவும் சீனியும் எண்ணெயும் கிடைத்தால் அது சேர்த்துவைக்கும். நிவாரணத் தட்டில் வளர்ந்த பிள்ளை முப்பது வயதில் "நிறை கூட" என்று எழுதப்படுவதில் அதிசயம் இல்லை.

நிறை கூடிய கர்ப்பத்தில் கர்ப்பகாலச் சீனி வருத்தம், உயர் பிரசர், சிசேரியன் எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூட. நிறை குறைந்த கர்ப்பத்தில் மாதம் காணாத பிரசவமும் நிறை குறைந்த பிள்ளையும். அதனால்தான் எவ்வளவு நிறை கூடவேணும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 2009இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் தந்த அளவு பலநாடுகளில் பாவனையில் இருக்கிறது. சுட்டி 18.5க்குக் கீழே உள்ளவர்கள் 12.5 முதல் 18 கிலோ, 18.5–24.9 உள்ளவர்கள் 11.5 முதல் 16, 25–29.9 உள்ளவர்கள் 7 முதல் 11.5, 30க்கு மேலே உள்ளவர்கள் 5 முதல் 9 கிலோ. "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதும் சரியில்லை, "நிறை கூட, சாப்பிடாதை" என்பதும் சரியில்லை. கர்ப்பத்தில் மெலிய வெளிக்கிடுவது பிள்ளைக்குக் கூடாது. குறைக்கிறதோ கூட்டுகிறதோ, கருத்தரிக்க முதல் செய்யவேண்டிய வேலை.

பிறகு 2022 வந்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். திரிபோஷாவும் தட்டுப்பாடு. மீனும் முட்டையும் பால்மாவும் தட்டிலிருந்து முதலில் இறங்கின. தட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் யார் என்று எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

எங்களிடம் இருக்கிற வேலை

2009 மே மாதத்தில் வன்னியில் கருவில் இருந்த பிள்ளைகள் இப்ப ஓ/எல் வயதில் இருக்கிறார்கள். ஒரு பெண் கருவின் சூலகத்தில் அவளுடைய முட்டைகள் எல்லாம் அவள் பிறக்க முதலே, தாயின் வயிற்றிலேயே, உருவாகிவிடும். அதாவது அந்தக் கரையில் நின்ற ஒரு தாய் தன் மகளை மட்டும் சுமக்கவில்லை. பேரப்பிள்ளையின் தொடக்கத்தையும் சுமந்தா. இது விதி என்று நான் சொல்லவில்லை. நல்ல சாப்பாடும் நல்ல கிளினிக்கும் இரக்கமுள்ள வீடும் நிறைய விஷயங்களைத் திருத்தும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருநாள் தராசில் ஏறும்போது, அந்த எண்ணை வாசிக்கிறவர்களுக்கு அதன் வரலாறு தெரிந்திருக்கவேணும்.

வரலாறு, சமூகவியல், புவியியல் படிக்கிற எங்களால் செய்யக்கூடியது இருக்கு. அம்மாவினதும் அம்மம்மாவினதும் பழைய கிளினிக் அட்டைகள், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, நிவாரண அட்டை எதுவும் பெட்டிக்குள் இருந்தால் எறியாமல் எடுத்து வையுங்கோ. தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, எந்த முகாம், எந்த ஆண்டு என்று அவவிடம் கேட்டு எழுதி வையுங்கோ. அந்த நேரம் என்ன சாப்பிட்டனீங்கள், மாதவிடாய் வந்ததோ, பால் சுரந்ததோ, யார் பிள்ளைப்பேறு பார்த்தது என்று, அவவுக்கு விருப்பம் என்றால், கேளுங்கோ. எங்கட வீடுகளில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. அந்த அட்டைகள் அவையவையின் சொந்த விஷயம், அனுமதி இல்லாமல் எங்கேயும் போடாதேங்கோ.

மற்றது, இன்னும் இலகுவானது. கலியாணம் கட்டி ஆறு மாதத்தில் "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கிறதை நிப்பாட்டலாம். பிள்ளை இல்லை என்றால் முதலில் பெண்ணைத்தான் டொக்டரிடம் அனுப்பவேணும் என்ற பழக்கத்தை விடலாம். இரண்டு பேரும் போகவேணும், இரண்டு பேரும் தராசில் ஏறவேணும். மெலிஞ்சவளையும் தடிச்சவளையும் பார்த்துச் சிரிக்க முதல், அந்த உடம்பு எத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கட முன்னால் நிற்கிறது என்று ஒருக்கால் நினைத்துப் பார்க்கலாம். மருத்துவமாதுவின் வீட்டு வருகைக்கும் திரிபோஷாவுக்கும் காசு வெட்டப்படுகிறபோது, அதைப் பெண்களின் விஷயம் என்று தள்ளாமல் சத்தம் போடலாம். வன்னிப் பெண்கள் நாட்டின் கணக்கில் சேர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இனியாவது கணக்கு விடுபடக்கூடாது.